தலைக்கு எழுநூற்றெண்பது கோடி லீற்றர்

உலகத்தில் மொத்தம் எவ்வளவு நல்ல தண்ணீர் இருக்கிறது என்று முதன்முதலில் அளந்து சொன்ன பெருமை யாருக்குச் சேரும் என்று பெரிய பெரிய நாடுகள் சண்டை பிடித்துக்கொள்ளட்டும். நமக்கு அதில் வழக்கு இல்லை. ஆனால் அந்தத் தண்ணீர் முழுவதையும் ஆளுக்கு இவ்வளவு என்று பங்கு பிரித்து, றப்பர் முத்திரை குத்தி, கொடுத்தே முடித்துவிட்ட பெருமை பூமியில் ஒரே ஓர் இடத்துக்குத்தான் உண்டு. தலவாக்கலையில் பஸ் ஏறி, இறங்கி, அதற்குப் பிறகு மூச்சு வாங்க நடந்தால் வருகிற ஊத்துமலைத் தேயிலைத் தோட்டம் அது. ஆண்டு 1982. உலகம் இதை இன்னும் கவனிக்கவில்லை என்றால் அது உலகத்தின் அசட்டை.

இந்த மாபெரும் காரியத்தைச் செய்தவர் பத்திநாதன் மாஸ்டர். தோட்டப் பாடசாலையில் கணிதமும், மற்ற ஆசிரியர்கள் வராத நாளில் மற்ற எல்லாப் பாடமும் படிப்பிப்பவர். அதாவது பெரும்பாலும் எல்லாப் பாடமும். அவருடைய அப்பா தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டியவர், அம்மா கொழுந்து எடுத்தவர், மனைவி மார்கிரட் இன்றைக்கும் கொழுந்து எடுக்கிறவர். மாஸ்டர் படித்து மேலே வந்தார் என்று எல்லாரும் சொல்வார்கள். மேலே என்றால், லயம் என்ற வரிசை வீட்டின் நடுக் காம்பிராவிலிருந்து கோடிக் காம்பிராவுக்கு வந்திருந்தார். அதற்கு ஒரு ஜன்னல் கூடுதல்.

அட்டனில் நடந்த ஆசிரியர் பயிற்சி வகுப்பொன்றில் மாஸ்டரைப் பிடித்தது அந்தக் காய்ச்சல். 'விஞ்ஞானமுறைக் குறிப்பீடு' என்று அதற்குப் பெயர். எவ்வளவு பெரிய எண்ணாக இருந்தாலும் சரி, அதை ஒன்றுக்கும் பத்துக்கும் நடுவில் ஒரு குட்டி எண்ணாக்கி, பக்கத்தில் ஒரு பத்தைப் போட்டு, அந்தப் பத்தின் தலையில் ஒரு சின்ன எண்ணைத் தூக்கி வைத்துவிட்டால் தீர்ந்தது. அந்தச் சின்ன எண்ணுக்கு 'வலு' என்று பெயர், பெருக்கலுக்குத் 'தர', கழித்தலுக்குச் 'சய'. சூரியன் எவ்வளவு தூரம் என்பதைக்கூடத் தீப்பெட்டியின் மேல் எழுதிவிடலாம். அன்று அட்டனிலிருந்து திரும்பிய மாஸ்டர் பஸ்ஸில் கொண்டக்டரிடம் "கொட்டகலை தாண்டி, ஒன்று தர பத்தின் பூச்சிய வலு டிக்கட்" என்று கேட்டதாகவும், அவர் மாஸ்டரை எதிர்ப்பக்கம் போகிற நாவலப்பிட்டி பஸ்ஸில் ஏற்றிவிடப் பார்த்ததாகவும் ஒரு கதை உண்டு. பொறாமைக்காரர்கள் கட்டியதாக இருக்கலாம்.

வீட்டிலும் விடவில்லை.

"மார்கிரட், உப்பு எவ்வளவு இருக்கு?"

"ஒரு கைப்பிடி."

"ஐஞ்சு தர பத்தின் சய ரெண்டாம் வலு கிலோன்னு சொல்லு."

"சொன்னா கூடுமா?"

"கூடாது. ஆனா துல்லியமா இருக்கும்."

"துல்லியத்த கறியில போட முடியாதுங்க. கடைக்குப் போயி வாங்கிட்டு வாங்க."

மார்கிரட்டுக்கு உப்பைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. அது தண்ணீர்.

ஊத்துமலைக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. மலை உச்சியில் ஓர் ஊற்று உண்டு. அந்த ஊற்று கீழே இறங்கி, லயத்துக்குப் பின்னால் தண்ணீர் பிடிக்கும் பீலியில் கொட்டும். கொட்டும் என்பது பழைய கதை. தோட்டத்தை நிர்வகிக்கும் பெரியதுரை தன் பங்களாவின் முன்னால் ஒரு தடாகம் வெட்டி, தங்கமீன் விட்டு, நடுவில் ஒரு நீரூற்றும் எழுப்பினார். அதற்காக உச்சியிலிருந்தே இரும்புக் குழாய் போட்டு ஊற்றைப் பங்களாப் பக்கம் திருப்பினார்கள். தங்கமீன்கள் காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக்குப் போவதில்லை, நாள் கூலிக்குப் பேர் போடுவதுமில்லை. என்றாலும் அவற்றுக்கு இராப்பகலாகத் தண்ணீர் கிடைத்தது. பெரட்டுக்குப் போகிறவர்களுக்குப் பீலியில் நூல் போல ஒழுகியது.

அந்த நூலுக்காகப் பெண்கள் விடியும் முன்பே குடங்களை வரிசையாக வைத்தார்கள். இந்தக் குட வரிசைக்கு ஒரு சட்டம் உண்டு. எந்த ஆபீசிலும் எழுதி வைக்காத சட்டம். அதனால்தான் யாரும் மீறுவதில்லை. ஒருத்தியின் குடம் நிற்கிறது என்றால் அவளே நிற்கிறாள் என்று அர்த்தம். அதை வேறு யாரும் தொட்டு நகர்த்தக் கூடாது. நகர்த்தினால், நகர்த்தியவர் தன் கையால் அந்தக் குடத்தை நிரப்பிக் கொடுக்க வேண்டும். மாமியாரானாலும் சரி, கங்காணியானாலும் சரி, கோயில் பூசாரியானாலும் சரி. ஒரு முறை பூசாரியே நிரப்பியிருக்கிறார்.

குடம் நிரம்பப் பிந்தினால் பெரட்டுக்குப் பிந்தும். பெரட்டுக்குப் பிந்தினால் அரைப்பேர், அதாவது முழு நாள் மலையில் நின்றாலும் பாதி நாள் கூலி. லயத்தார் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. பங்களாவுக்குப் போகிற குழாய் லயத்தை ஒட்டித்தான் போகிறது. அதில் ஒரு கிளை இழுத்து, ஒரே ஒரு பைப்பு பூட்டித் தர வேண்டும். தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர் செல்லசாமி இதை ஆபீசில் பல தடவை சொல்லியிருந்தார். ஆபீஸ் ஒவ்வொரு தடவையும் 'கவனத்தில் எடுத்தது'. எடுத்த கவனத்தை எங்கே வைத்தது என்றுதான் தெரியவில்லை.

அப்போதுதான் கொழும்புத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. உலகம் முழுவதும் குடிநீருக்கென்று பத்தாண்டுத் திட்டம் ஒன்றை அறிவித்திருக்கிறார்கள். ஒவ்வொரு தோட்டமும் ஒரு குழு அமைத்துத் தன் நீர்வளத்தை மதிப்பிட வேண்டும். சிறந்த மதிப்பீட்டை நேரில் பார்க்க ஒரு பெரியவர் வருவார். துரை உடனே குழு அமைத்தார். தலைவர் துரை. செயலாளர் கண்டாக்கையா நல்லமுத்து, மலையில் வேலை வாங்குவதும் கொழுந்து நிறுப்பதும் அவர்தான். தொழிலாளர் பக்கம் செல்லசாமி. நிபுணர் பத்திநாதன் மாஸ்டர்.

மாஸ்டருக்கு அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை. ஆபீஸ் வராந்தாவைத் தாண்டி அவர் உள்ளே போனதே கிடையாது. இப்போது கதிரையில் உட்காரப் போகிறார்.

"இங்க பாருங்க," என்றார் மார்கிரட், சட்டையை அயன் பண்ணிக்கொண்டே. "அங்க போயி பத்து, வலுன்னு என்னத்தையோ பேசுங்க. நான் வேணாங்கல. ஆனா வர்றதுக்குள்ள நாலு பேருக்குக் கேக்கிற மாதிரி 'ஒரு பைப்பு'ன்னு சொல்லிட்டு வாங்க. ரெண்டே வார்த்த. எனக்கு இந்த மாசம் மூணு அரைப்பேரு விழுந்திருச்சு."

"மாதா மேல சத்தியமா சொல்றேன்," என்றார் மாஸ்டர். சொல்லவும் நினைத்தார்.

கூட்டம் சரித்திரப் புகழ் வாய்ந்தது. மாஸ்டர் ஏழாம் வகுப்புக் கரும்பலகையைத் தோளில் சுமந்துகொண்டு வந்து, துரையின் மேசைக்கு எதிரில் சாத்தினார். வெண்கட்டியை ஒடித்தார்.

"ஐயா, உலகத்துல உள்ள நல்ல தண்ணி மொத்தம் மூணு தசம் ஐஞ்சு தர பத்தின் ஏழாம் வலு கன கிலோமீற்றர். லீற்றர்ல சொன்னா, அதே மூணு தசம் ஐஞ்சு தர பத்தின் பத்தொம்பதாம் வலு."

"அது கூடவா, கொறவா?" என்று துரை கேட்டார்.

"ரொம்பக் கூடங்க."

துரைக்கு முகம் மலர்ந்தது. செல்லசாமி, "யோசிக்க வேண்டிய விசயம்," என்றார். எந்தக் கூட்டத்திலும் அவர் அதைத்தான் சொல்வார்.

"இதை உலகத்துச் சனத்தொகையால பிரிக்கணும். நாலு தசம் ஐஞ்சு தர பத்தின் ஒம்பதாம் வலு. அப்பிடிப் பிரிச்சா..." மாஸ்டரின் கை பறந்தது. வெண்கட்டித் தூள் துரையின் மேசையில் பனியாக இறங்கியது. "ஆளுக்கு 7.8 × 10⁹ லீற்றர்!"

"அந்த மேல இருக்கிற சின்ன ஒம்பது என்ன?"

"அதுதாங்க எல்லாமே. அத எடுத்துட்டா எழுபத்தெட்டு லீற்றர். ரெண்டு குளியலுக்குக் காணாது. அது இருந்தா எழுநூத்தி எம்பது கோடி."

துரை எழுந்து நின்றுவிட்டார். "ஒவ்வொரு ஆளுக்குமா? இந்தத் தோட்டத்துத் தொழிலாளிக்கும்?"

"எல்லா மனுசருக்குமுங்க."

"அப்ப எங்க தோட்டத்துல தண்ணிப் பஞ்சம்னு சொன்னது யாரு?"

கண்டாக்கையா, செல்லசாமியைப் பார்த்தார். செல்லசாமி யோசிக்கத் தொடங்கினார். கதை தப்பான பாதையில் போகிறது என்று மாஸ்டருக்கு உறைத்தது.

"ஐயா, ஒரு சின்ன விசயம். அதுல நூத்துக்கு எழுபது பங்கு பனிக்கட்டியா இருக்குங்க. துருவத்துல."

"அங்க காவல் யாரு?"

"காவல் இல்லங்க. பென்குயின்தான்."

"நம்ம ஆளுங்க பங்க யாராச்சும் எடுத்துட்டாங்களா?"

"எடுக்கலங்க."

"பின்ன என்ன? கண்டாக்கு, எழுதுங்க. 'தொழிலாளரின் பங்கு குளிரூட்டப்பட்ட நிலையில் பாதுகாப்பாக உள்ளது.'"

"மிச்சத்துல பெரும்பகுதி நெலத்துக்கு அடியில..."

"இன்னும் பாதுகாப்பு. எழுதுங்க."

"ஆத்துலயும் கொளத்துலயும் இருக்கிறது நூத்துல ஒரு பங்குகூட வராதுங்க ஐயா. அதுதான் நாம அள்ளிக் குடிக்கிறது."

"அந்தச் சில்லறைய விடுங்க மாஸ்டர். இவ்வளவு பெரிய கணக்கு பேசுற எடத்துல."

மாஸ்டருக்கு மார்கிரட்டின் முகம் ஞாபகம் வந்தது. சொல்லியும்விட்டார்: "ஐயா, ஒரு பைப்பு..."

"பைப்பா?" துரைக்கு உண்மையிலேயே வருத்தம். "நீங்க படிச்ச மனுசன். எழுநூத்தி எம்பது கோடி லீற்றர் ஒரு பைப்புல வந்தா அது வெடிச்சிராதா?"

கணிதப்படி அது வெடிக்கத்தான் செய்யும். அந்த இடத்தில் தட்டுக் கோப்பையில் தேத்தண்ணி வந்தது. துரை தன் கையாலேயே நீட்டி, "இன்னைக்கிலருந்து நீங்க இந்தத் தோட்டத்து நீர்வள ஆலோசகர்," என்றார். சம்பளமில்லாத பதவிகளுக்கே உரிய கம்பீரம் அதில் இருந்தது. மாஸ்டர் கரும்பலகையைத் திரும்பச் சுமந்துகொண்டு இறங்கியபோது அது பாரமாகவே தெரியவில்லை.

வாசலில் மார்கிரட் நின்றார். "பைப்பு?"

"மார்கிரட், இந்த நிமிசத்துல ஒனக்குச் சொந்தமா எழுநூத்தி எம்பது கோடி லீற்றர் நல்ல தண்ணி இருக்கு."

"எங்க?"

"பெரும்பாலும் தென் துருவத்துல."

மார்கிரட் அவரை மேலும் கீழும் பார்த்தார். "நல்லது. காலையில வெள்ளன எந்திரிச்சு அங்க போயி ஒரு கொடம் எடுத்துட்டு வாங்க. தேத்தண்ணி வைக்கணும்."

இரண்டு நாளில் பெரட்டுக் களத்தில் அறிவித்தல் ஒட்டப்பட்டது. ஒவ்வொரு தொழிலாளிக்கும் 7.8 × 10⁹ லீற்றர் நன்னீர் இருப்பது விஞ்ஞானமுறைப்படி நிரூபிக்கப்பட்டுள்ளதால், 'தண்ணீர் எடுக்கப் பிந்திவிட்டது' என்ற காரணம் இனி ஏற்றுக்கொள்ளப்படமாட்டாது. பிந்துகிறவர்களுக்கு அரைப்பேர்கூட இல்லை, வீட்டுக்குத் திரும்பலாம். கீழே, 'மதிப்பீடு: நீர்வள ஆலோசகர் திரு. பத்திநாதன்' என்று இருந்தது. தன் பெயரை அச்சடித்த எழுத்தில் மாஸ்டர் முதன்முதலாக அன்றுதான் பார்த்தார்.

காலமும் மாஸ்டருக்கு ஒத்துழைக்கவில்லை. மழை நின்று, பனி விழுந்து, வெயில் காய்ந்தது. பீலியில் ஒழுகிய நூலும் அறுந்தது. பெண்கள் பக்கத்துத் தோட்டத்து ஓடைக்குப் போய் வந்தார்கள், பிந்தினார்கள், திருப்பி அனுப்பப்பட்டார்கள். மார்கிரட்டும் ஒரு நாள் வெறுங்கூடையோடு வீட்டுக்குத் திரும்பி வந்தார். சட்டி பானையைக் கொஞ்சம் சத்தமாக வைத்தார்.

மறுநாள் காலை மாஸ்டர் பாடசாலைக்குப் புறப்பட்டுக் கதவைத் திறந்தார். வாசலில் குடங்கள். ஒன்று, இரண்டு அல்ல. வாசற்படியிலிருந்து லயத்தின் அடுத்த கோடி வரை ஒரே வரிசை. பித்தளை, அலுமினியம், வாய் நசுங்கியது, கழுத்தில் கயிறு கட்டியது. வரிசையின் பக்கத்தில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பேச்சியம்மா நின்றார். லயத்தில் அவர் வாய்க்குப் பயப்படாதவர்கள் குறைவு.

"என்ன இது பேச்சியம்மா?"

"பங்கு வாங்க வந்திருக்கோம் மாஸ்டர். எழுநூத்தி எம்பது கோடியும் வேணாம். அத வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய? எனக்கு ஒரு கொடம் போதும். மிச்சத்த நீங்களே வச்சுக்கங்க."

"அது ஒரு மதிப்பீடு பேச்சியம்மா. சராசரின்னு ஒன்னு இருக்கு..."

"சராசரிய ஊத்துங்க. குடிச்சுப் பாக்குறோம்."

மாஸ்டர் முதல் குடத்தைப் பார்த்தார். வாய் ஓரத்தில் நசுங்கல். போன மாதம் அவர் கையிலிருந்து விழுந்த குடம்தான். மார்கிரட்டுடையது. வரிசையில் முதல் ஆள் அவர் மனைவி. மாஸ்டருக்கு வெட்கமும் கோபமும் சேர்ந்து வந்தன. குடங்களை நகர்த்த முடியாது. நகர்த்தினால் நிரப்ப வேண்டும். நீர்வள ஆலோசகர் தன் வீட்டு ஜன்னல் வழியாக ஏறிக் குதித்துப் பாடசாலைக்குப் போனார். கூடுதல் ஜன்னலின் பயன் அன்றுதான் தெரிந்தது.

குடங்கள் அங்கேயே நின்றன. மாஸ்டர் வீட்டில் இருக்கப் பிடிக்காமல், பின்னேரங்களில் மார்கிரட்டைக் கூட்டிவரும் சாக்கில் கொழுந்து மடுவத்துக்குப் போகத் தொடங்கினார். அங்கேதான் கொழுந்து நிறுப்பார்கள். வெயிலில் கொழுந்து சுருண்டு, கையில் நொறுங்கியது. மார்கிரட்டின் கூடைக் கொழுந்தைத் தராசில் கொளுவினார்கள்.

"ஒம்பது," என்றார் கண்டாக்கையா நல்லமுத்து. "தண்ணிக்கு ரெண்டு. ஏழு."

அடுத்து பேச்சியம்மா. "பத்து. தண்ணிக்கு ரெண்டு. எட்டு."

மாஸ்டருக்கு இது புதிதல்ல. அவர் அம்மா நின்ற காலத்திலேயே கேட்டு வளர்ந்த பாட்டு. மழையில் நனைந்த கொழுந்தில் தண்ணீரும் சேர்ந்து நிறை காட்டும் என்பதால் இரண்டு கிலோ கழிப்பது வழக்கம். ஆனால் அன்று அவர் அண்ணாந்து பார்த்தார். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை.

"கண்டாக்கையா, மழ பேஞ்சு எவ்வளவு நாளாச்சுங்க?"

"அது கெடக்கு ஒரு மாசத்துக்கு மேல."

"அப்ப இந்தக் கொழுந்துல தண்ணி எங்கருந்து வந்துச்சு?"

"வழக்கத்துலருந்து," என்றார் கண்டாக்கையா, அடுத்த கூடையை இழுத்துக்கொண்டு.

மாஸ்டரின் மூளையில் பத்தின் வலுக்கள் படபடவென்று ஏறின. இரண்டு கிலோ தண்ணீர் என்றால் இரண்டு லீற்றர். இரண்டு தர பத்தின் இரண்டாம் வலு பெண்கள். வருடத்துக்கு மூன்று தர பத்தின் இரண்டாம் வலு நாட்கள். பெருக்கினால் 1.2 × 10⁵ லீற்றர். இலட்சத்து இருபதாயிரம்! முதலில் வந்தது சந்தோசம். உலகத்து நன்னீரை மதிப்பிட்ட விஞ்ஞானிகள் எல்லாரும் கோட்டைவிட்ட ஓர் ஊற்று, தினமும் நிறுத்து, கையெழுத்தும் வைத்து, இங்கேயே இருக்கிறது. பிறகுதான் மார்கிரட்டின் கையைப் பார்த்தார். விரல் நுனியெல்லாம் கறுத்து, வெடித்து, வெயிலில் உரித்த தோல். அந்தக் கை பறித்த ஒன்பது கிலோவில் இரண்டை 'தண்ணீர்' என்று பிடுங்கிக்கொண்டு, அந்தக் கைக்கு ஒரு குடம் தண்ணீர் இல்லை என்கிறார்கள்.

என்றாலும் மாஸ்டர் அதை யாரிடமும் சொல்லவில்லை. அரசாங்க உத்தியோகம், ஆலோசகர் பதவி, தட்டுக் கோப்பை. அவரும் மனிதர்தானே. ஆனால் மறுநாள் காலை பேச்சியம்மா ஜன்னலுக்கு முன்னாலும் ஒரு குடத்தை வைத்துவிட்டார்.

"இன்னைக்கி எப்பிடிப் போறீங்கன்னு பாப்போம்!"

வெளியே போக வழியில்லாத மனிதன் உண்மையைச் சொல்லிவிடுவான். "ஐயோ, ஒங்க தண்ணி எங்கிட்ட இல்ல தாயே! கண்டாக்கையா தராசுல இருக்கு! தெனமும் ரெண்டு ரெண்டு லீற்றரா எடுத்து வைக்கிறாருல்ல, அங்க போயிக் கேளுங்க!"

பேச்சியம்மா மார்கிரட்டைத் திரும்பிப் பார்த்தார். மார்கிரட் தன் நசுங்கிய குடத்தை எடுத்து இடுப்பில் வைத்தார்.

அன்று பின்னேரம் கண்டாக்கையா மடுவத்துக்கு வந்தபோது, தராசுக்கு நேர் கீழே மார்கிரட்டின் குடம். அதற்குப் பின்னால் வரிசை, வளைந்து வளைந்து றோட்டு வரைக்கும்.

"என்னா இது?"

"ஒன்னுமில்லீங்க," என்றார் மார்கிரட் பணிவாக. "தண்ணிக்கு ரெண்டு எடுக்கிறீங்கல்ல. அத இதுல ஊத்திருங்க. நாங்க வீட்டுக்குக் கொண்டு போயிருவோம்."

கண்டாக்கையா குடத்தைப் பார்த்தார், தொடவில்லை. அவரும் லயத்தில் பிறந்தவர், சட்டம் தெரிந்தவர். துரைக்கு ஆள் அனுப்பினார்.

அங்கேதான் விதி விளையாடியது. ஏனென்றால் அதே பின்னேரம்தான் கொழும்புப் பெரியவர் வருகிறார். 'ஆளுக்கு 7.8 × 10⁹ லீற்றர்' என்ற ஊத்துமலை மதிப்பீடு தலைமை அலுவலகத்தில் பெரும் பரபரப்பை ஏற்படுத்தியிருந்தது. வேறு எந்தத் தோட்டமும் இலட்சத்தைக்கூடத் தாண்டவில்லை.

துரை மோட்டார் சைக்கிளில் பறந்து வந்தார். கீழே வளைவில் பெரியவரின் கார் ஏறுகிற சத்தம் கேட்டது. "கண்டாக்கு, இதை எடுங்க!"

"என்னால ஏலாதுங்க ஐயா."

"ஏன்?"

"தொடக் கூடாதுங்க."

"மூட நம்பிக்க!" என்று துரை இறங்கி, தன் கையால் மார்கிரட்டின் குடத்தைத் தூக்கி ஓரமாக வைத்தார்.

பேச்சியம்மாவின் குரல் மலைக்கு மலை எதிரொலித்தது. "தொரை தொட்டுட்டாங்கோ! தொரை நெரப்பித் தரப் போறாங்கோ!" இருநூறு பெண்கள் குலவை போட்டார்கள்.

அந்தக் குலவைக்கு நடுவேதான் பெரியவர் காரிலிருந்து இறங்கினார். தடித்த கண்ணாடி, கழுத்துப்பட்டி, மேடைத் தமிழ். அந்த வரவேற்பு தனக்கே என்று நினைத்து இரு கைகளையும் கூப்பினார். "மிக்க மகிழ்ச்சி! இக்குடங்கள் எதனைக் குறிக்கின்றன? யாராவது விளக்க முடியுமா?"

துரை மாஸ்டரைப் பார்த்தார். அந்தப் பார்வையில் பதவி, கோப்பை, கதிரை எல்லாம் இருந்தன. மறுபக்கம் மார்கிரட்டும் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு குடம்தான் இருந்தது. மாஸ்டரின் கையில் வெண்கட்டி இருந்தது, எதிரே மடுவத்துச் சுவர் வெறுமையாக இருந்தது. கணிதக்காரனுக்கு அதற்கு மேல் தாங்காது.

"ஐயா, இது எங்கள் மதிப்பீட்டின் இரண்டாம் பகுதி," என்று அவரும் மேடைத் தமிழுக்கு ஏறினார். "துருவத்து நீர் தொலைவில் உள்ளது. ஆனால் இத்தோட்டம் தினந்தோறும் கொழுந்திலிருந்து ஆளுக்கு இரண்டு லீற்றர் நன்னீரைப் பிரித்தெடுக்கிறது. மழையில்லாத காலத்திலும் இது தவறுவதில்லை. வருடத்துக்கு..." சுவரில் பெரிதாக எழுதினார். "1.2 × 10⁵ லீற்றர். அதைப் பெற்றுக்கொள்ளவே குடங்கள்."

"வறட்சியிலுமா? அற்புதம்! எங்கே அந்த நீர்?"

எல்லாரும் கண்டாக்கையாவைப் பார்த்தார்கள். கண்டாக்கையா துரையைப் பார்த்தார். துரை தராசைப் பார்த்தார். தராசு யாரையும் பார்க்கவில்லை.

"அதாவது," என்று பெரியவர் விளங்கப்படுத்திக்கொண்டார், "கொழுந்தில் நீர் இருந்தது, கழித்தீர்கள். ஆகவே நீர் உங்களிடம் இருக்கிறது. நீர் இல்லையென்றால், நீங்கள் கழித்தது... என்ன?"

பெரியவர் இதை அறிவுத் தாகத்தில்தான் கேட்டார். ஆனால் துரையின் நெற்றியில் அந்தத் தோட்டத்திலேயே அன்று கிடைத்த ஒரே நன்னீர் அரும்பியது. கழித்தது என்ன என்று சொல்வதைவிடக் குடத்தை நிரப்புவது எவ்வளவோ மலிவு.

"தண்ணிதான் சேர்! தண்ணியேதான்! பங்களாத் தடாகத்துல சேமிச்சு வச்சிருக்கோம். நாளைக்கே ஒரு பைப்பு போட்டு லயத்துக்குக் குடுக்கிறோம்!"

செல்லசாமி முன்னால் வந்து, வாழ்க்கையில் முதன்முறையாக வேறு ஒரு வசனம் சொன்னார்: "இதுல யோசிக்க ஒன்னுமில்லீங்க."

பைப்பு வந்தது. ஊற்று லயத்துப் பக்கம் திரும்பியது. தங்கமீன்கள் ஒரு வாளிக்குக் குடிபெயர்ந்தன. நல்ல வெயில் நாள் ஒன்றில் திறப்பு விழா நடந்தது. துரை ரிப்பன் வெட்டினார். சுவரில் பளிங்குக் கல்லில் 'தோட்ட நிர்வாகத்தின் அன்பளிப்பு' என்று பொறித்திருந்தது. முதல் குடம் மார்கிரட்டுடையது. சட்டப்படி துரையே தன் கையால் நிரப்பிக் கொடுத்தார். எல்லாரும் கை தட்டினார்கள். மாஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்கவும் இல்லை.

மார்கிரட் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கல்லைப் பார்த்தார். "என்னங்க, அதுல என்னா எழுதியிருக்கு?"

"அன்பளிப்புன்னு எழுதியிருக்கு."

"ஓ. அப்ப எங்கம்மா காலத்துலருந்து தண்ணின்னு எடுத்தது?"

மாஸ்டர் பத்தின் வலுவொன்றைத் தேடி விரல் மடக்கி எண்ணத் தொடங்கினார். அந்த நேரம் பார்த்து மடுவத்திலிருந்து கண்டாக்கையாவின் குரல் காய்ந்த வெயிலில் மிதந்து வந்தது. "பதினொன்னு. தண்ணிக்கு ரெண்டு. ஒம்பது."

உலகத்து நன்னீரில் பெரும்பங்கு துருவங்களில் உறைந்து கிடக்கிறது என்று இன்னமும் பாடப்புத்தகங்களில் எழுதுகிறார்கள். ஊத்துமலைப் பாடசாலையில் மட்டும் அதைத் திருத்தித்தான் படிப்பிக்கிறார்கள். துருவத்தில் தண்ணீரைப் பிடித்து வைத்திருப்பது குளிர். பாவம், அதற்குச் சம்பளம் கிடையாது. இங்கே பிடித்து வைத்திருப்பவர்களுக்குச் சம்பளமும் உண்டு, பங்களாவும் உண்டு, கல்லில் பெயரும் உண்டு.